பட்டா நிலத்துக்குள் ஓடிய வாய்க்கால்

காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து செங்கல்பட்டு பிரிவதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு அந்த வழக்கு என்னிடம் வந்தது. ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் வந்த பிறகு மளமளவென்று வளர்ந்த ஊர்களில் வழக்கு எழுந்த ஊரும் ஒன்று. ஏரிக்குக் கீழே ஆறேழு ஏக்கர் நன்செய் பல போகமாகப் பயிர் வைக்காமல் கிடந்தது. அதை வாங்கிய கட்டுமானக்காரர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்ட நினைத்தார். ஆனால் ஊரின் முழுமைத் திட்டத்தில் அது விவசாயப் பகுதி. அதைக் குடியிருப்புப் பகுதியாக மாற்றி வாங்கினால்தான் கட்டட அனுமதிக்கு மனுவே போட முடியும்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 32-ஆம் பிரிவில், ஒப்புதல் பெற்ற திட்டத்தைத் திருத்த வழி வைத்திருக்கிறது. திருத்துமுன் பொதுமக்களின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காக நாளிதழில் அறிவிப்பு வரும். அறிவிப்பில் இருப்பது கிராமத்தின் பெயரும் சர்வே எண்ணும் பரப்பும்தான். அங்கே குடியிருப்பவருக்குத் தன் மனை எண் தெரியும், தெருப் பெயர் தெரியும். எதிரே கிடக்கும் வயலின் சர்வே எண் எத்தனை பேருக்குத் தெரியும்? எதிர்த் தெருக் குடியிருப்போர் சங்கத்தினரான என் கட்சிக்காரர்களுக்கு அது தெரிய வந்ததே தற்செயல்தான். சாதிச் சான்றிதழ் விஷயமாகக் கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போன ஒருவர் காதில் விழுந்தது. கெடு முடிவதற்குள் அவசர அவசரமாக ஆட்சேபம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். திட்டக் குழுமத்திலிருந்து வந்த முடிவில் அவர்களைப் பற்றி ஒரே வரி: ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன, ஏற்கத்தக்கவையாக இல்லை.

அவர்கள் பயந்தது தண்ணீருக்கு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்தவர்கள். சங்கத்தின் தலைவராக இருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் சுண்ணாம்பு அடிக்காமலே வைத்திருந்தார். எதிரே இருக்கும் அந்தக் கரம்பு வழியாகத்தான் வெள்ளம் வடிந்தது என்றும், அதை மூடினால் அடுத்த முறை கோடு இன்னும் மேலே போகும் என்றும் சொன்னார்.

கட்டுமானக்காரரின் வழக்கறிஞர் என் நண்பர், கூர்மையானவர். என் கட்சிக்காரர்களின் வீடுகளும் அதே ஏரியின் ஆயக்கட்டில்தான் எழுந்தன என்று ஒரு ஆவணத்தை எடுத்து வைத்தார். அது உண்மைதான். அங்கீகாரம் இல்லாமல் பிரிக்கப்பட்ட மனைகள் அவை. 2016 செப்டம்பரில் அத்தகைய மனைகளைப் பதிவுசெய்ய உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2017-இல் வரன்முறை விதிகள் வந்து, பணம் கட்டி, அப்போதுதான் ஒழுங்காகியிருந்தார்கள். ‘இவர்கள் வந்தபோது கதவு திறந்திருந்தது, இப்போது உள்ளேயிருந்து தாழ் போடுகிறார்கள், அந்தக் குடியிருப்பில் வீடு வாங்கப்போகிறவர்கள் ஆலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வீடு திரும்பும் தொழிலாளர்கள்’ என்றார். அந்த வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இருக்கவில்லை. ஒருவர் முன்னே செய்த பிழை இன்னொருவருக்கு உரிமை ஆகாது என்று சொன்னேன். சட்டப்படி அது சரி; ஆனால் வீடு தேடி அலையும் ஒருவருக்கு அது ஆறுதல் ஆகாது.

வழக்குக்காக இடத்தைப் பார்க்கப் போனபோது, கீழ்த் தெருவிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். ஏரி மதகைத் திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி அவர். முள்செடிக்கு நடுவே நடந்து, கையிலிருந்த கோலால் தட்டித் தட்டிக் காட்டினார். “இது பாய்ச்சக் கால், அது வடிகால், வக்கீலய்யா. பாய்ச்சுறதுக்கு ஒரு வழின்னா வடியறதுக்கு ஒரு வழி வேணும் இல்ல?” நான் புலப்படத்தை விரித்துப் பார்த்தேன். நிலத்தின் எல்லை வரை வாய்க்கால் புறம்போக்கு என்று இரட்டைக் கோடு வந்தது, எல்லையில் நின்றுவிட்டது. உள்ளே இருந்தது பட்டா நிலம். பட்டாதாரர்கள் தங்களுக்குள் விட்டுக்கொடுத்து வெட்டிக்கொண்ட கால்வாயை வருவாய்க் கணக்கில் யாரும் ஏற்றவில்லை. பயிர் நடந்தவரை அதற்கு அவசியம் இருக்கவில்லை. கால்வாய் எங்கே என்று கேட்டால் நீர்க்கட்டி சொல்வார்.

இங்கேதான் நான் ஒரு முடிவு எடுத்தேன். அரசமைப்பின் 226-ஆவது கூறின் கீழ் போடும் ரிட் மனுவில் சாட்சிக் கூண்டு கிடையாது. பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் வைத்தே நீதிமன்றம் தீர்மானிக்கும். வாய்க்கால் இருந்தது என்று நாங்களும் இல்லை என்று அவர்களும் சொன்னால், சர்ச்சைக்குரிய சங்கதி, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்பார்கள். அங்கே தீர்ப்பு வருமுன் கட்டடம் எழுந்துவிடும். ஆகவே வாய்க்காலை மனுவின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, ஆட்சேபத்தை நிராகரித்ததற்குக் காரணம் சொல்லப்படவில்லை என்பதையே முன்னே வைத்தேன். ஜெயித்தோம். முடிவு ரத்தானது; நேரில் கேட்டு, காரணத்துடன் புதிய உத்தரவு போடச் சொன்னார்கள். அன்று மாலை தலைமையாசிரியர் என் அலுவலகத்துக்கு இனிப்பு வாங்கி வந்தார்.

மறு விசாரணையை நடத்திய அதிகாரி பொறுமையானவர். நீர்க்கட்டியை உட்காரச் சொல்லிக் கேட்டார், குறித்துக்கொண்டார். இந்த முறை உத்தரவு பல பக்கம் வந்தது. ஆவணத்தில் வாய்க்கால் இல்லை. ஆயினும் வெள்ள அபாயம் பற்றிய அச்சம் நியாயமானதே. எனவே பொறியாளர் பரிந்துரைத்தபடி மனையை மண் நிரப்பிச் சாலை மட்டத்துக்கு மேல் உயர்த்த வேண்டும், சுற்றிலும் மழைநீர் வடிகால் கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு வகைப்பாடு மாற்றப்பட்டது. வீடு வாங்குகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் அது அவசியமான நிபந்தனை. எதிர்த் தெருவில் நின்று பார்த்தால், பள்ளம் இருந்த இடத்தில் மேடு வந்துவிட்டது. பயந்தது எதற்கோ அதையே எங்கள் ஆட்சேபத்தின் பேரால் கட்டாயமாக்கினார்கள். காரணம் கேட்டோம், காரணம் தந்தார்கள். இரண்டாவது மனுவுக்கு எனக்கு அழுத்தமான பிடி எதுவும் அகப்படவில்லை.

அதற்குப் பிறகு இது குறித்து நிறைய யோசித்திருக்கிறேன். வகைப்பாட்டு மனு ஒவ்வொன்றும் தன் சர்வே எண்ணோடு தனித்தனியாக வருகிறது. ஆறு ஏக்கரை மட்டும் பார்த்தால் ஆபத்து ஒன்றும் தெரியாது. பக்கத்து நாலு ஏக்கரை அடுத்த வருடம் பார்க்கும்போதும் அப்படித்தான். ஏரியின் மதகிலிருந்து கடைசி வயல் வரை ஒரே பார்வையாகப் பார்த்தவர் அந்த ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவருடைய சொல்லை ஆவணமாக்கும் வழி எனக்கு அன்று தோன்றவில்லை. இப்போது இப்படி ஒரு கட்சிக்காரர் வந்தால், வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே சர்வேயரை அனுப்பி ஆயக்கட்டு முழுக்க மட்டம் எடுக்கச் சொல்கிறேன். அந்த எண்களை ஆட்சேப மனுவோடு முதல் நாளே இணைத்துவிட்டால், பிறகு வாய்க்கால் இல்லை என்று சொல்லிக் கடந்துபோவது எளிதல்ல.

தலைமையாசிரியர் ஓய்வூதியச் சேமிப்பை எடுத்து, ஜாக்கி வைத்துத் தன் வீட்டை மூன்றடி தூக்கிக்கொண்டார். அந்தத் தெருவில் இன்னும் சிலரும் தூக்கினார்கள். நீர்க்கட்டியின் வீடு அதற்கும் கீழே இருக்கிறது, பழைய மட்டத்திலேயே.