ஏகாரத்தின் கால்

இறந்துபோன நண்பரின் கவிதைகளைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். 61 கோப்புகள். எல்லாவற்றையும் அவர் விஷுவல் ஸ்டூடியோ கோடில்தான் எழுதியிருந்தார். நிரல் எழுதுகிறவர்களுக்காக மைக்ரோசாப்ட் 2015இல் வெளியிட்ட அதில் கவிதை எழுத அவருக்குக் கூச்சமே இருந்ததில்லை. நானும் அதிலேயே திறந்தேன்.

எழுதும் பகுதியின் எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம். இடப்புறம் கோப்புப் பெயர்கள் வரும் பட்டியலுக்கு அந்தச் சலுகை அப்போது இல்லை. 13 பிக்சல். ஆங்கிலத்துக்குப் போதும், தமிழில் ஏகாரத்தின் கால் தூசியளவு. மொத்தத் திரையையும் பெரிதாக்கினால் கவிதைக்கு இடமில்லை. என் கண்புரையும் ஒரு காரணம்.

இந்த மென்பொருள் எலக்ட்ரான் மேல் கட்டப்பட்டது. அதாவது, அதன் முகம் உண்மையில் ஒரு வலைப்பக்கம். தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு உள்ளேயே, சாதாரண எழுத்தாகக் கிடக்கிறது. உருவம், உள்ளடக்கம் என்று நாம் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டதை இவர்கள் தனித்தனிக் கோப்புகளாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். நகல் எடுத்து வைத்துவிட்டு, அதன் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். பட்டியலுக்கு 20 பிக்சல். மூடித் திறந்தால் பெயர்கள் திடமாக நின்றன. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

பட்டியலில் இரண்டு 'எடு' இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருக்க முடியாது என்பது தோன்றவில்லை. முதலாவது பழைய பிரதியாக இருக்கும் என்று இரண்டாவதை அச்சுக்கு அனுப்பினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை, பத்துத் தடவை படித்த கவிதை என்ற தைரியம்.

அது 'ஏடு'. ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் எழுதியது. அழித்துவிடச் சொல்லியிருந்தார். நான் அழிக்கவில்லை.

திருத்தப்படி அவர் மனைவிக்கும் போயிற்று. போனில் கேட்டார்: "இது எப்ப எழுதினது அண்ணா?" பதில் சொல்லாமல் இருந்தேன். அவரும் இருந்தார்.

காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தேன். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் 22 பிக்சல் உயரம். அந்தக் கணக்கு சிஎஸ்எஸ்ஸில் இல்லை, ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது. எழுத்து பெருத்தது, வரி பெருக்கவில்லை. அடியில் நறுக்கப்பட்டுக் கால் போன ஏகாரம் எகாரமாயிற்று. தெளிவாகப் பார்க்கச் செய்த காரியம்தான்.

15க்கு இறக்கிவிட்டேன். இப்போது திறக்கும்போதெல்லாம், நிறுவல் சிதைந்திருப்பதாகத் தெரிகிறது, மீண்டும் நிறுவவும் என்று ஓர் எச்சரிக்கை. தலைப்புப் பட்டையில் 'ஆதரவற்றது' என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல். முக்கியக் கோப்புகளுக்கான சரிபார்ப்புத் தொகைகளை இன்னொரு கோப்பில் எழுதி வைத்து, ஒப்பிட்டுப் பார்க்கிறதாம். புதுத் தொகையை அங்கே எழுதிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும் என்றான் தெரிந்த பையன். செய்யவில்லை. புதுப்பிப்பு வந்தால் என் வரி போய்விடுகிறது, மறுபடி சேர்க்கிறேன்.

'ஏடு' பட்டியலில் இருக்கிறது. அந்தத் திருத்தப்படியை அவர் மனைவி திருப்பி அனுப்பவில்லை.