போர்வை போர்த்திய கணிப்பொறி

மாரமங்கலத்தில் எனக்கு நன்கு பழக்கமான இல்லம் ஒன்று உண்டு. அதன் தலைவர் காப்பித் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை. சென்ற கார்த்திகை மாதம் அங்குச் சென்றபோது, தந்தையும் மகனும் பேச்சின்றி அமர்ந்திருக்கக் கண்டேன். நடுவே மின்கணக்கு அட்டை கிடந்தது.

"பெட்டியிலேயே 650 வாட் என்று போட்டிருக்கிறது சாமி. விற்றுத் தொலைத்தால்தான் நிம்மதி" என்றார் தந்தையார்.

மகன் சேலத்துக் கடையொன்றில் முழுமையாகப் பூட்டியமைத்த நிலையில் வாங்கிவந்த விளையாட்டுக் கணிப்பொறியையே அவர் குறிப்பிட்டார். அதில் அவன் விளையாடுவது உண்மை. திருமணப் படங்களைத் தொகுத்துக் கொடுத்துத் தன் கல்லூரிக் கட்டணத்தில் பாதியை ஈட்டுவதும் அதே பொறியில்தான். 2016-ஆம் ஆண்டில் தமிழக அரசு இல்லங்களுக்கு இரு மாதங்களுக்கு 100 யூனிட்டை இலவசமாக்கிய நாள்முதல், மின்கட்டணம் கட்டியே அறியாத வீடு அது. இம்முறையோ 256 யூனிட்! அடுத்த அறையில் படுக்கும் பாட்டியாருக்கு வேறு குறை. "இருபது கொண்டை ஊசி வளைவும் லாரி ஏறுவதுபோல் இராமுழுக்க இரைகிறது சாமி."

முதலில் அந்த 650-க்கு விளக்கம் கூறினேன். அது பெட்டிக்குள் இருக்கும் மின்வழங்கி அதிகபட்சமாகத் தரவல்ல அளவு. எந்நேரமும் செலவாகும் அளவன்று. வேகமானியில் 160 என்று எழுதியிருப்பதால் வண்டி எப்போதும் அவ்வேகத்திலா ஓடுகிறது? கோவில் ஒலிபெருக்கியின் செலவை அறிய நான் வாங்கிவைத்திருந்த சிறிய மின் அளவியை மறுநாள் கொண்டு சென்று பொருத்தினேன். விளையாடும்போது 340 வாட். சும்மா இருக்கையில் 70 வாட். நாளொன்றுக்கு நான்கு மணி நேர உழைப்பும் விளையாட்டும் சேர்ந்து இரு மாதங்களுக்கு ஏறத்தாழ 82 யூனிட்.

"மீதி நேரம்?" என்று கேட்டேன். அடிக்கடி நிறுத்தினால் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தம்பி அதை நிறுத்துவதே இல்லையாம். இருபது மணி நேரம், 70 வாட், அறுபது நாள்: 84 யூனிட். ஆடியதைக் காட்டிலும் ஆடாதிருந்ததற்கே செலவு அதிகம்! கணக்குப்பிள்ளை நம்பாமல் இருமுறை பெருக்கிப் பார்த்தார்.

இந்த வீண்செலவு நம் மலைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் வகுத்த விதியொன்று 2021 ஜூலையில் கடுமையாயிற்று. டெல் நிறுவனம் தன் ஏலியன்வேர் விளையாட்டுக் கணிப்பொறிகளுள் சிலவற்றைக் கலிபோர்னியா உள்ளிட்ட ஆறு மாநிலங்களுக்கு அனுப்ப இயலாமற்போனது. விளையாட்டைத் தடுக்கிறார்கள் என்று பலர் கூச்சலிட்டனர். அவ்விதி கவனித்ததோ, பொறி சும்மா இருக்கும் வேளையில் விழுங்கும் மின்சாரத்தையே.

இனி வெப்பமும் இரைச்சலும். கணிப்பொறி உட்கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பம் தருகிறது. ஆகவே அச்சிற்றறையில் கண்ணுக்குப் புலப்படாத மூவர் உடன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். ஏற்காட்டின் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. நீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிட, பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். மெலிந்த காற்றைக் கொண்டு வெப்பத்தை வெளியேற்ற விசிறி விரைந்து சுழல வேண்டும். மலையின் குளிர்ச்சியோ அக்குறையை ஈடுசெய்யும், நாம் இடங்கொடுத்தால்.

அங்கே இடங்கொடுக்கவில்லை. மூடுபனியின் ஈரம் படக்கூடாதென்று தாயார் சன்னலை அடைத்து, பொறியை மர அலமாரிக்குள் ஏற்றி, முன்னாளில் தொலைக்காட்சிப் பெட்டிக்குத் தைத்த வெல்வெட் உறையை அதன்மேல் போர்த்தியிருந்தார். தான் விட்ட சூடான மூச்சையே அது திரும்பத் திரும்ப இழுத்துத் திணறிக்கொண்டிருந்தது. அந்த அம்மையாரிடம் இதை எடுத்துரைப்பதே அன்று எனக்குக் கடினமான பணியாயிற்று. "பிள்ளை பாடுபட்டு வாங்கினது சாமி, நனையக் கூடாதே" என்றார். பொறி அணைந்து ஆறியபின் தாராளமாகப் போர்த்தலாம் என்றேன். அவர் முகம் தெளிந்தது.

அலமாரியிலிருந்து இறக்கிச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வைத்தோம். காற்று புகும் வலையில் பஞ்சுபோல் படிந்திருந்த தூசியைத் தம்பி துடைத்தான். அவனுடைய திரை நொடிக்கு 60 படங்களையே காட்டவல்லது; பொறியோ 150 படங்களை வரைந்து தள்ளிக்கொண்டிருந்தது. அவ்வரம்பை 60 என அமைத்ததும் அளவி 210-க்கு இறங்கிற்று. விசிறியின் ஓசையும் உடனே தாழ்ந்தது. வேலையில்லாத வேளையில் கால் மணி நேரத்தில் தானாக உறங்கும்படியும் அமைத்தான். அது உறங்கும்போது 3 வாட்தான்.

தை மாதத்து அட்டையில் 145 யூனிட். இலவச அளவைத் தாண்டியதற்குரிய கட்டணத்தைத் தம்பியே தன் சம்பாத்தியத்தில் கட்டிவிட்டான். விளையாட்டு வீண்வேலை என்னும் தந்தையாரின் கருத்து மாறவில்லை. எனக்கும் அதில் பாதி உடன்பாடுதான். ஆனால் விற்பதைப் பற்றி இப்போது பேச்சில்லை.

பாட்டியாரிடம், "இப்போது உறக்கம் வருகிறதா?" என்று கேட்டேன். "சத்தம் நின்றுவிட்டது சாமி" என்றவர், பேரனை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பெட்டியை, இந்தக் குளிர் போகிறவரைக்கும் என் கட்டிலோரமாக வைக்கச் சொல்லேன்."