அத்தையின் வடச்சட்டியும் அரை லிட்டர் பயோடீசலும்

எங்கள் அத்தை ஈரோட்டில் சாயங்காலம் பஜ்ஜிக் கடை போடுகிறார். ஒரு தள்ளுவண்டி, ஒரு கேஸ் அடுப்பு, ஒரு பெரிய வடச்சட்டி. அவ்வளவுதான் மூலதனம். ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்த வண்டியில் மிளகாய் பஜ்ஜி தின்று வளர்ந்தவன் நான். என் கல்லூரி ஃபீஸில் பாதி இன்றைக்கும் அந்தச் சட்டியிலிருந்துதான் வருகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கீழே எழுதப்போகும் விஷயத்தை அத்தையிடம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு. பயன்படுத்திய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுப்பது எங்கள் ப்ராஜெக்ட். வருஷா வருஷம் யாராவது எடுக்கிற தலைப்புதான். நாங்கள் மூன்று பேரும் அதை எடுத்ததற்கு உலகத்தைக் காப்பாற்றும் நோக்கம் எதுவும் கிடையாது. எண்ணெய் ஓசியில் கிடைக்கும் என்ற ஒரே காரணம்தான் :-)

ஊருக்குப் போனபோது, "அத்தை, சுட்ட எண்ணெய் மிச்சம் இருந்தா ரெண்டு லிட்டர் குடுங்க" என்றேன்.

"மிச்சமா? மிச்சம் எங்க கண்ணு இருக்குது? கொறையக் கொறைய மேல ஊத்திக்கறதுதான்" என்றார்.

அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. அத்தை சட்டியிலிருந்தே இரண்டு லிட்டர் மொண்டு கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் புது பாமாயில் பாக்கெட்டுகளைப் பிரித்தார். எண்ணெய் ஓசி என்று நினைத்தது நான்தான். அவருக்கு அது அன்றைய லாபம்.

சரி, லேபுக்கு வருவோம். எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரின் என்ற கைப்பிடியில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்குகிற மாதிரி. மெத்தனாலைச் சேர்த்து, வினையூக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடா போட்டு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கினால் வால்கள் கைப்பிடியை விட்டுவிட்டு மெத்தனாலோடு சேர்ந்துகொள்ளும். அந்த வால்தான் பயோடீசல். கனமான கிளிசரின் அடியில் தங்கிவிடும். நாங்கள் 250 மில்லி எண்ணெய்க்கு 60 மில்லி மெத்தனாலும் இரண்டரை கிராம் காஸ்டிக் சோடாவும் அளந்து போட்டோம். மேலே பொன்னிறத்தில் ஒன்று, கீழே பழுப்பில் ஒன்று என்று இரண்டு அடுக்கு வரவேண்டும்.

வந்தது கேசரி மாதிரி ஒரு கட்டி. ஃப்ளாஸ்க்கைக் கவிழ்த்தாலும் விழவில்லை.

லேப் மேடம் எட்டிப் பார்த்தார். "எண்ணெயோட ஆசிட் வேல்யூ பாத்தீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப சோப்பு பண்ணியிருக்கீங்க. கை கழுவிக்கோங்க."

விஷயம் இதுதான். மாவில் இருக்கும் தண்ணீரும் அடுப்புச் சூடும் சேர்ந்து எண்ணெயை உடைக்கின்றன. வால்கள் சில தனியே கழன்று அமிலமாக மிதக்கின்றன. காஸ்டிக் சோடா முதலில் அவற்றைப் பிடித்துச் சோப்பாக்கிவிடும். இந்தத் தனி அமிலம் 2 சதவீதத்தைத் தாண்டினாலே தொல்லை. டைட்ரேஷன் செய்து பார்த்தோம். அத்தையின் எண்ணெயில் 4 சதவீதத்துக்கும் மேல்.

அன்றிரவு ஹாஸ்டலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தியாவில் 2018 ஜூலை 1 முதல் ஒரு விதி இருக்கிறது. பொரிக்கும் எண்ணெயில் சிதைவால் உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. எங்களிடம் அதை அளக்கும் மீட்டர் இல்லை. அமில அளவு வேறு, இது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும், தீர்ந்தே போகாமல் மேலே மேலே ஊற்றப்படும் ஒரு சட்டியின் அடியில் எத்தனை நாள் பழைய எண்ணெய் இருக்கும் என்று யோசிக்க மீட்டர் தேவையில்லை. பயோடீசலுக்கே ஆகாத எண்ணெயில் சுட்டதைத்தான் இத்தனை வருஷம் தின்றிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதம் வேறு வழிகளைத் தேடினோம். பழைய வழி, முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அந்தத் தனி அமிலத்தையும் பயோடீசலாக்கிவிடுவது. பிறகு காஸ்டிக் சோடா. வேலை செய்கிறது. ஆனால் இடையில் உண்டாகும் தண்ணீரை நீக்க வேண்டும், கடைசியில் பயோடீசலைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரே ஒரு கழிவு.

புதிய வழிகளில் எங்கள் கைக்கு எட்டியது முட்டை ஓடு. ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை முட்டை போடுவார்கள். ஓட்டைக் கழுவி, பொடித்து, 900 டிகிரி உலையில் சுட்டால் அது சுட்ட சுண்ணாம்பு. அதுவும் ஒரு வினையூக்கிதான். பெரும்பகுதி கரையாமல் நிற்பதால் வடிகட்டி எடுத்து மறுபடியும் போடலாம், கழுவும் தண்ணீரும் குறையும். முதல் தடவை சுட்ட பொடியை ராத்திரி திறந்தே வைத்துவிட்டோம். காற்றின் ஈரத்தில் நீர்த்துப் போய்விட்டது. மறுபடி சுட்டோம். காஸ்டிக் சோடா ஒரு மணி நேரத்தில் முடிப்பதற்கு இது மூன்று மணி நேரம் எடுத்தது. அமிலம் அதிகமான எண்ணெய் இதற்கும் ஆகாது, முன்வேலை செய்தே போட வேண்டியிருந்தது.

மோசமான எண்ணெயைக் கண்டு முகம் சுளிக்காத வழிகள் இரண்டைப் படித்தோம். ஒன்று லைபேஸ் என்சைம். 40 டிகிரி வாக்கில், எண்ணெயையும் தனி அமிலத்தையும் சேர்த்தே மாற்றிவிடும். ஆனால் விலை அதிகம், மெத்தனாலை ஒரேயடியாக ஊற்றினால் என்சைம் செத்துவிடும், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்ட வேண்டும். இன்னொன்று, 2001-இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சாகாவும் குஸ்தியானாவும் வெளியிட்ட முறை. மெத்தனாலை 239 டிகிரிக்கும் சுமார் 80 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே கொண்டுபோனால் வினையூக்கியே வேண்டாம். அமிலமும் தண்ணீரும் ஒரு பொருட்டே இல்லை. அவ்வளவு அழுத்தம் தாங்கும் எஃகுக் கலத்துக்கு எங்கள் துறையிடம் காசு இல்லை, அது வேறு கதை. அதே கியோட்டோ நகரத்தில் வீடுகளின் பழைய எண்ணெயைச் சேகரித்து 1997 முதல் குப்பை வண்டிகளை ஓட்டியிருக்கிறார்கள்.

எல்லா ஆய்வுக் கட்டுரைகளும் "98 சதவீதம் கிடைத்தது, 99 கிடைத்தது" என்றே போட்டி போடுகின்றன. எனக்குத் தோன்றுவது வேறு. பயோடீசல் செலவில் பெரும்பங்கு, ஏறக்குறைய முக்கால் பங்கு, எண்ணெயை வாங்குவதற்கே போகிறது. ஆகவே ஒரு புதிய முறையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு கெட்ட எண்ணெயை நீ ஏற்றுக்கொள்வாய்?" என்பதுதான். பெரிய ஹோட்டலின் எண்ணெய் ஓரளவு நல்ல எண்ணெய், அதற்கு வாங்க ஆள் உண்டு. அத்தையின் சட்டி எண்ணெய்க்குத்தான் யாரும் இல்லை. யாரும் வாங்காத எண்ணெய் எங்கே போகும்? திரும்பவும் பஜ்ஜிக்குள்தான்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 'ரூகோ' என்ற திட்டம் தொடங்கியது. 2019 ஆகஸ்டில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் இப்படித் தயாராகும் பயோடீசலை 100 நகரங்களில் வாங்க அழைப்பு விட்டன, முதல் வருஷ விலை லிட்டருக்கு 51 ரூபாய். நல்லதுதான். ஆனால் இதில் தள்ளுவண்டிக்கு எங்கே இடம்?

ஒரு மாதம் கழித்து அத்தையிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் ஜல்லிக்கரண்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வாங்கறவன் என்ன வெல குடுப்பான்?" என்றார்.

விசாரித்தேன். எண்ணெய் எடுக்கும் ஒருவர் சொன்ன விலை, புது பாமாயில் விலையில் பாதிகூட இல்லை. தவிர, இரண்டு மூன்று லிட்டருக்கெல்லாம் வண்டி வராது, கேன் நிறைந்தால்தான் வருவாராம்.

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். அந்த வரிசையில் பொரிக்கிற கடை ஏழு. நான்கு பேர் சம்மதித்தார்கள், மூன்று பேர் முடியாது என்றார்கள். டீக்கடை அண்ணன் பெஞ்சுக்கு அடியில் ஒரு கேன் வைத்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை சட்டியை முழுதாகக் காலி செய்து அதில் ஊற்றுகிறார்கள். நஷ்டத்தை ஈடுகட்ட அத்தை பஜ்ஜிக்கு ஒரு ரூபாய் ஏற்றினார். இரண்டு பழைய வாடிக்கையாளர்கள் சண்டை போட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருவர் இன்னும் திரும்பி வரவில்லை.

நண்பர்களே, இதே ப்ராஜெக்ட்டை எடுப்பவர்களுக்கு என் அனுபவம்: முதலில் அமில அளவைப் பாருங்கள். மெத்தனால் விஷம், ஆவியும் ஆபத்து, ஃப்யூம் ஹூட் இல்லாமல் தொடாதீர்கள். எண்ணெய் கொடுத்தவர்களிடம், "நான் வாங்காவிட்டால் இதை என்ன செய்வீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசி முயற்சியில் எங்களுக்கு அரை லிட்டர் தெளிவான பயோடீசல் கிடைத்தது. ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டுபோய் அத்தையிடம் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நான் கடைக்கு வாங்கற எண்ணெயவிட இது நல்லா இருக்குதே கண்ணு" என்றார்.