முன்குறியும் முன்யோசனையும்

'ஃபோர்சைட்' என்ற சொல்லுக்கு 'முன்யோசனை' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். தமிழ் எம்.ஏ. படித்தவன் செய்த காரியம். மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி பற்றிய கட்டுரை.

மறுநாள் அதைப் படித்த பக்கத்து வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கடற்படையில் பீரங்கிப் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான 'துரோணாச்சாரியா' போர்ட் கொச்சியில்தான் இருக்கிறது. "சார், அது குழல் நுனியில் நிக்கிற முள்ளு. அது யோசிக்காது, நீங்கதான் யோசிக்கணும்" என்றார்.

பெங்களூர்க்காரரான ஆண்டர்சன் (1910-1974), ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளைச் சுட்டவர். வைத்திருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். விசையைச் சுற்றியுள்ள வளையத்தைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் இதே ரகம்தான்.

"டெலஸ்கோப் மாட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்காதா?" என்றேன்.

"எங்கே மாட்டுவீங்க? சுட்ட தோட்டாவின் கூடு மேல்பக்கமாத்தான் தெறிக்கும். நடுவில் டெலஸ்கோப் நின்றால் இடிக்கும். பக்கவாட்டில் மாட்டினால் கன்னம் கட்டையில் சரியாப் பதியாது."

பக்கவாட்டில் கூடு தெறிக்கும் மார்லின் போன்ற துப்பாக்கிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரவில், மரத்தின்மேல் மச்சானில், குழலில் டார்ச்சைப் பொருத்திக்கொண்டு இருபதடி தூரத்தில் சுடுகிறவருக்கு டெலஸ்கோப் எதற்கு? அதில் தெரிவது வெறும் வரிகள்தான். தோளா, தொடையா என்று பிரித்தறிவதற்குள் புலி போய்விடும்.

"உங்க வயசென்ன?" என்றார் திடீரென்று. நாற்பத்தேழு. "அப்ப உங்களுக்கு வேற கதை."

பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். நாற்பதைத் தாண்டினால் முதலில் மங்குவது கிட்டத்தில் உள்ள பின்குறி. அட்டையில் குண்டூசியால் துளையிட்டுக் கொடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதன் வழியே செய்தித்தாளைப் படிக்கச் சொன்னார். எழுத்துகள் தெளிந்தன! துளைக் குறியின் ரகசியம் அதுதான். துளை ரொம்பச் சிறிதாக இருந்தால் மட்டும் அந்தி வெளிச்சத்தை விழுங்கிவிடும்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குப் பேச்சல்ல. பல புலிகள் ஆட்கொல்லியானதே யாரோ குறிதவறிச் சுட்ட காயத்தால்தான். காயம்பட்ட புலி மான் பின்னால் ஓட முடியாமல், விறகு பொறுக்க வந்தவளைப் பிடிக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்த வேட்டைக்காலம் முடிந்தது. ஆனால் 2022 முதல் கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி தரலாம். உரிமம் வைத்திருக்கும் நம் வயதுக்காரர் எவரும் முதலில் பரிசோதிக்கவேண்டியது கண்ணைத்தான்.

'முன்யோசனை'யை அடித்து 'முன்குறி' என்று திருத்தினேன். அடித்ததற்காகச் சற்று வருத்தமும் இருந்தது. குறி பார்ப்பவனுக்கு வேண்டியது இரண்டும்தானே!