யாருடைய உதவியும் இல்லாமலா?



பாடசாலையில் இஸ்லாமும் அறபும் படிப்பிக்கின்ற, நாற்பத்தாறு வயதான ஒரு மௌலவி, ஐரோப்பாவுக்குப் போய் நாலாயிரம் கிலோமீற்றர் சைக்கிள் ஓட்டப் போட்டியில் கலந்துகொள்ள யோசிக்கிறார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். எங்கள் ஆசிரியர் அறையிலும் அதுதான் நடந்தது. ஆனால் அந்தப் போட்டியின் விதி ஒன்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேசப்பட்டு வருகிறது. அந்தப் பேச்சு உங்கள் வீடுகளுக்கும் பயன்படக்கூடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு நாட்டில் பெற்றோல் இல்லாமற் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பொழுது மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு, வீட்டில் கிடந்த பழைய துவிச்சக்கர வண்டியைத் துடைத்தெடுத்துப் பாடசாலைக்குப் போகத் தொடங்கினேன். போக 14, வர 14 கிலோமீற்றர். பெற்றோல் திரும்பி வந்த பின்னரும் நான் சைக்கிளை விடவில்லை. விடுமுறை நாட்களில் அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வரை போய் வருவேன். உடம்பு இலேசாகியது, மனமும் அமைதியடைந்தது. தொழில் நிமித்தம் இத்தாலியில் இருக்கும் எனது பழைய மாணவர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, "ஹஸரத், உங்களுக்கென்றே ஒரு போட்டி இருக்கிறது" என்று எழுதினார்.

அவர் குறிப்பிட்டது 'ட்ரான்ஸ்கொன்டினென்டல் ரேஸ்' என்னும் போட்டி. மைக் ஹோல் என்ற ஆங்கிலேயர் 2013இல் தொடங்கியது. முதலாவது போட்டி லண்டனில் ஆரம்பித்து இஸ்தான்பூலில் முடிந்தது. பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024இல் பிரான்சின் ரூபே நகரிலிருந்து இஸ்தான்பூல் வரை ஓடினார்கள். தூரம் ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர். இடையில் சில சோதனை நிலையங்களில் அட்டையில் முத்திரை பெறவேண்டும்; சில வீதிகளைக் கட்டாயம் கடக்கவேண்டும்; மற்றப் பாதையை ஓட்டுபவரே வரைபடம் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். ஆரம்பித்த நேரத்திலிருந்து கடிகாரம் நிற்காது. நீங்கள் தூங்கினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

இதில் பிரதானமான விதி, யாரும் உதவக்கூடாது என்பது. உடுப்பு, மழைக்கவசம், ரியூப், பம்பு எல்லாவற்றையும் தானே சுமக்க வேண்டும். கடையில் வாங்கிச் சாப்பிடலாம், ஹோட்டலில் பணம் கொடுத்துத் தங்கலாம். அவை எல்லோருக்கும் பொதுவானவை. ஆனால் மனைவி வழியில் காத்திருந்து ஒரு பார்சல் சோறு கொடுத்தால் அது விதிமீறல். தெரிந்தவர் வீட்டில் படுத்தாலும் விதிமீறல். இன்னொருவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்புவதும் கூடாது.

பெண்களால் இது முடியுமா என்று நினைக்கிறீர்களா? 2019இல் இந்தப் போட்டி பல்கேரியாவின் புர்காஸ் நகரில் தொடங்கி பிரான்சின் பிரெஸ்டில் முடிந்தது. இருநூறுக்கு மேற்பட்ட ஆண்கள் ஓடிய அப்போட்டியில் முதலாவதாக வந்தவர் ஃபியோனா கொல்பிங்கர் என்னும் 24 வயது ஜேர்மன் பெண். புற்றுநோய் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர். அதற்கு முன் இப்படியான நெடுந்தூரப் போட்டி எதிலும் அவர் ஓடியதில்லை. 10 நாள், 2 மணித்தியாலம், 48 நிமிடத்தில் முடித்தார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள நமது தீவின் நீளத்தைக் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஓடியிருக்கிறார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். போட்டியைத் தொடங்கிய அதே மைக் ஹோல், 2017 மார்ச் 31ஆம் திகதி அவுஸ்திரேலியாவில் இதே வகையான இன்னொரு போட்டியில் ஓடிக்கொண்டிருந்தபோது, விடிவதற்கு முன் கன்பரா அருகே கார் மோதி உயிரிழந்தார். அவருக்குப் பின்னர் இந்தப் போட்டியைப் பொறுப்பெடுத்து நடத்தியவர் அவருடைய துணைவி அன்னா ஹஸ்லொக்.

தூக்கமின்மை என்ன செய்யும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2016இல் அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, 6,700 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் போட்டியில் முன்னணியில் இருந்த ஒருவர், கடைசி இரவில் சற்றுத் தூங்கி எழுந்து, வந்த திசையிலேயே திரும்பி ஓட்டத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்துகொண்டிருந்த லேல் வில்கொக்ஸ் என்ற பெண்மணி அவரை எதிரே சந்தித்தார். போட்டியில் வென்றதும் அந்தப் பெண்மணிதான்.

பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் சேர்க்கவும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் எனக்குச் சிக்கல் இல்லை. தூக்கத்தில்தான் சிக்கல். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் தடுத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமை இருப்பதை உணர்த்திய செய்தியை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். வணக்கத்துக்கே இந்த எல்லை என்றால் சைக்கிளுக்கு என்ன சொல்வது?

எனவே ஒரு கணக்குப் போட்டேன். 16 நாளில் முடிப்பதென்றால் நாளுக்கு 250 கிலோமீற்றர். மணிக்கு 18 கிலோமீற்றர் வீதம் 14 மணித்தியாலம் ஓடினால் 252 வரும். தூக்கத்துக்கு 6 மணித்தியாலம். தொழுகை, சாப்பாடு, வண்டி திருத்த மிகுதி 4 மணித்தியாலம். அங்கே கோடையில் பகல் 14 மணித்தியாலத்துக்கும் மேல் நீளும் என்பதால் இருட்டில் ஓடவேண்டியதில்லை. தாளை மனைவியிடம் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மல ஏறக்குள்ளயும் பதினெட்டு ஓடுமா?"

ஓடாது. அல்ப்ஸ் மலையில் அதில் பாதிகூட ஓடாது.

பணத்தையும் பார்த்தோம். விமான டிக்கெட், ஷெங்கன் விஸா, அதற்குக் கட்டாயமான காப்புறுதி, சாலைக்குத் தகுந்த வண்டி, வழிச்செலவு என்று கூட்டினால் எனது ஒரு வருடச் சம்பளத்தையும் தாண்டுகிறது. பயிற்சிக்கு வாரத்தில் 15 மணித்தியாலமாவது தேவை.

பிறகு மனைவி அந்த விதியை மீண்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "ஒருத்தரும் உதவி செய்யக் கூடாதெண்டு போட்டிருக்கு. நீங்க போனா உம்மாக்கு ஊசி போடுறது ஆரு? நான்தானே? அப்ப அது உதவியில்லையா?"

சகோதரிகளே, எனது மாமிக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் போடுவது என் வேலை. நான் ஒரு மாதம் இல்லாவிட்டால் அந்த வேலை காற்றில் போகாது. இன்னொருவரின் கைக்குப் போகும். மகனைக் கணித வகுப்புக்குக் கூட்டிப் போவதும், சந்தைக்குப் போவதும் அவ்வாறே. போட்டியின் கடிகாரம் தொடக்கக் கோட்டில்தான் ஓடத் தொடங்குகிறது. அந்தக் கோட்டுக்கு ஒருவரைக் கொண்டு சேர்ப்பதற்கு ஒரு வருடமாக எத்தனை பேர் உழைத்தார்கள் என்பதை எந்த அட்டையிலும் முத்திரையிடுவதில்லை. 'யாருடைய உதவியுமின்றி' என்று சொல்லும்போது, வீதியில் உதவி இல்லை என்பது மட்டுமே அதன் பொருள்.

"போக வேணாம்" என்று மனைவி ஒருபோதும் சொல்லவில்லை. அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவர் கேட்டது வேறு. பாலர் பாடசாலை ஆசிரியைகளுக்கான டிப்ளோமாவை அவர் மூத்த மகள் பிறந்தபோது பாதியில் நிறுத்தினார். அது 19 வருடங்களுக்கு முன். "உங்கட பதினஞ்சு மணித்தியாலத்த நான் தாறன். எனக்கும் சனி, ஞாயிறு வேணும்" என்றார்.

நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும். பல நாள் மஷ்வராவுக்குப் பின் எங்கள் தீர்மானம் இதுதான். இந்த வருடம் விண்ணப்பிப்பதில்லை. சனியும் ஞாயிறும் மனைவி வகுப்புக்குப் போகிறார்; அன்றைய சமையலும் வீடும் எனது பொறுப்பு. மூத்த மகளுக்கு ஊசி போடப் பழக்கியாயிற்று; அது எனது பயணத்துக்காக அல்ல, வீட்டில் இருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக. நான் சுபஹுக்குப் பின் பாடசாலை நேரம் வரை ஓடுகிறேன். நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்குப் பிரான்சில் வகுத்த படிமுறை ஒன்று இருக்கிறது: 200 கிலோமீற்றரை 13 மணி 30 நிமிடத்தில், 300ஐ 20 மணியில், 400ஐ 27 மணியில், 600ஐ 40 மணியில் முடிக்கவேண்டும். அந்தக் கணக்கை வைத்து நமது வீதிகளில் முதலில் 200ஐ ஓடிப் பார்ப்பேன். மனைவியின் டிப்ளோமா முடிந்த பின், 600 வரை எனக்கு முடிந்திருந்தால், அந்தத் தாளை மீண்டும் மேசையில் வைத்துப் பேசுவோம். மலைக்குரிய கணக்கையும் அதில் சேர்ப்போம். போவேனா என்பது அப்பொழுதுதான் தெரியும். போனாலும், இருட்டில் ஓடுவதில்லை, ஆறு மணித்தியாலத் தூக்கத்தைக் குறைப்பதில்லை என்று வாக்களித்திருக்கிறேன். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது ஒரு பெரிய ஆசை இருக்கும். கணவர் வெளிநாட்டுக்குப் போக எண்ணலாம், மகன் வியாபாரம் தொடங்க எண்ணலாம், நீங்களே படிக்க எண்ணலாம். அதைக் கேட்டதும் சிரித்துத் தட்டிவிடாதீர்கள்; தலையாட்டிச் சுமந்துகொள்ளவும் வேண்டாம். ஒரு தாளை எடுங்கள். ஒரு பக்கம் அந்த ஆசைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு பணம் என்று எழுதுங்கள். மறுபக்கம் அவை யாரிடமிருந்து எடுக்கப்படுகின்றன என்று எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் உங்கள் பெயர் எத்தனை தடவை வருகிறதென்று எண்ணிப் பாருங்கள். பிறகு, உங்கள் பங்குக்கு என்ன வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள்.

இவ்வாறான தீர்மானம் ஒன்றை உங்கள் வீட்டில் எப்படி எடுத்தீர்கள் என்று இப்பத்திரிகைக்கு எழுதுங்கள். மனைவியும் நானும் சேர்ந்து வாசிப்போம், இன்ஷா அல்லாஹ்.