எங்கள் படகுக்கு ஒரு காற்றாடி

இராயபுரத்தில் வாழ்வோர்க்குக் கப்பற் சங்கின் ஒலி நாள்தோறும் கேட்பதொன்றாதலின், அதனை ஒருவரும் பொருட்படுத்துவதில்லை. என் தாய்மாமனோ அவ்வொலி கேட்டால், உண்ணுங் கையை நிறுத்திவிட்டுக் கடற்பக்கம் திரும்பிப் பார்ப்பார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்களில் எஞ்சினியராக உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்றோர் சிலர் தலயாத்திரை செய்வர். சிலர் வீட்டின்மேல் மாடி கட்டுவர். மாமாவோ பழைய கப்பலொன்றின் உயிர்காப்புப் படகை விலைக்கு வாங்கினார். இருபத்தாறு அடி நீளமுள்ள அப்படகிற்குப் பாய்மரம் நாட்டி, சுக்கானைத் திருத்தி, உரிய பதிவும் பெற்று, தை மாதத்து வாடைக்காற்றில் அந்தமானுக்குச் சென்று மீள்வதென உறுதி பூண்டார்.

‘நம் கடற்படைப் பெண்மக்கள் இருவர், ஒருவர் புதுச்சேரியினர், மற்றவர் கோழிக்கோட்டினர், தாரிணி என்னும் பாய்க்கப்பலில் 2024 அக்டோபரில் கோவாவினின்று புறப்பட்டு, 2025 மே மாதத்தில் உலகைச் சுற்றி வந்துவிட்டனர். எனக்கு அந்தமான் பெரிதா?’ என்பது அவர் வாதம். தாரிணி ஐம்பத்தாறு அடி நீளமுள்ளது என்பதையும், அதிற் சென்றோர் பல்லாண்டு பயிற்சி பெற்றவர் என்பதையும் அத்தை எடுத்துக்காட்டினார்கள். பயன் ஒன்றும் விளையவில்லை.

யான் கல்லூரியிற் பௌதிகம் கற்பிப்பவன். ஆதலின் படகின் மின்சாரப் பொறுப்பு முழுவதும் என் தலையிற் சுமத்தப்பட்டது. காற்றைக் கொண்டு பாய் ஓடுமானால், அக்காற்றைக் கொண்டே விளக்கும் எரியவேண்டும் என்றார் மாமா. சுழலும் இதழ்களும் காந்தமும் கம்பிச்சுருளும் உடைய சிறு காற்றாடியொன்றைப் படகின் பின்புறத்துக் கம்பத்தில் நிறுத்திப் பாட்டரியை நிரப்புவது பிற நாட்டுப் பாய்ப்படகுகளில் வழக்கமே. நம் பகுதியிற் காத்தாடி என்றால் நூலிற் பறக்கும் பட்டத்தையே குறிக்குமாதலால், ‘காத்தாடி வாங்கப் போகிறேன்’ என்று யான் சொல்லியதைக் கேட்ட தெருச்சிறுவர் சிலர் மாஞ்சாக்கயிறு வேண்டுமா என்று வினவினர்.

நிற்க. முதற் காற்றாடியை யான் வாங்கிய விதம் இப்பொழுது நினைப்பினும் நாணந் தருவது. பழைய கப்பற் பொருள் விற்கும் கடையொன்றில் அஃது அகப்பட்டது. அதன் வயிற்றில் ‘400 வாட்’ என்று பொறித்திருந்தது. அந்த எண்ணைக் கண்டு மயங்கினேன். அதிகக் காற்றில் இதனை நிறுத்துவது எப்படி என்று யான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. அதனைப் பாட்டரியோடு இணைத்த கம்பியையும் யானே தேர்ந்தேன். வீட்டில் மிஞ்சியிருந்த கம்பி அது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் பழவேற்காடு வரையிற் சென்று, இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். படகின் டீசல் எஞ்சினைப் பழுதுபார்ப்பதற்காகக் கழற்றி இறக்கியிருந்த சமயம் அது. பாயிருக்க அச்சமேன் என்று எண்ணினோம். எண்ணூருக்கு நேரே வந்தபொழுது, மேற்கே மின்னி முழங்கிப் பெருங்காற்று ஒன்று கரையினின்று இறங்கிற்று. அதுவரை வண்டினம்போல் முரன்றுகொண்டிருந்த காற்றாடி, ஊளையிடத் தொடங்கிற்று. படகின் உடல் முழுதும் நடுங்கிற்று. பாயைச் சுருக்க மாமா முன்புறம் ஓடினார். யான் என்ன செய்வதென்று அறியாது அண்ணாந்து நின்றேன். கம்பி கருகும் நாற்றம் எழுந்தது. அடுத்த நொடியில் இதழொன்று முறிந்து என் தலைக்குமேற் பறந்து கடலில் வீழ்ந்தது. உருகிய கம்பிகள் ஒன்றோடொன்று ஒட்டித் தலைமைப் பியூசையும் கொண்டுபோயினமையின், பாய்மரத்து உச்சிவிளக்கும், ரேடியோவும், திசைகாட்டியின் விளக்கும் ஒருங்கே அவிந்தன.

அவ்வேளையிற் காமராசர் துறைமுகத்தினின்று மோட்டார்க்கார் ஏற்றிச்செல்லும் கப்பலொன்று வெளிப்பட்டது. அவ்வகைக் கப்பலைக் கண்டோர் அறிவர்: அதற்குப் பக்கமென்பது சாளரமற்ற ஒரு பெருஞ்சுவர். அச்சுவரின் பச்சை விளக்கும் சிவப்பு விளக்கும் எமக்கு ஒருங்கே தெரிந்தன. இரண்டும் ஒருங்கே தெரியின் கப்பல் நம்மை நோக்கியே வருகிறது என்பது பொருள். மாமா கைவிளக்கை எடுத்துப் பாயின்மேல் ஒளியைப் பாய்ச்சி, ‘ஆட்டாதே தம்பி, பாய் வெள்ளையாகத் தெரியட்டும்’ என்று என்னிடம் கொடுத்துவிட்டுச் சுக்கானைப் பற்றினார். என் கை ஆடிற்று. எவ்வளவு நேரம் சென்றதோ அறியேன். பின்னர்ச் சிவப்பு விளக்கு மறைந்து பச்சை மட்டும் எஞ்சிற்று. கப்பல் எமக்கு இருநூறு கஜ தூரத்திற் கடந்து சென்றது. அதிலுள்ளோர் எம்மைக் கண்டு திருப்பினரா, தம் வழியே தானாகத் திரும்பினரா என்பது இன்றளவும் எமக்குத் தெரியாது.

கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் விளக்குகள் வரிவரியாக ஒளிர்ந்தன. அந்நிலையத்தின் முதலிரு பகுதிகள் மட்டுமே 1,830 மெகாவாட் ஆற்றலுடையன. அதன் கண்ணெதிரே, மூன்று வாட் விளக்கொன்றை எரிக்க வகையற்று நாங்கள் விடியுந்தனையும் கைவிளக்கோடு அமர்ந்திருந்தோம். வீடு திரும்பியபின் மாமா என்னை ஒரு சொல்லும் கடிந்திலர். எரிந்த கம்பியை மட்டும் எடுத்து என் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றார்.

அக்கம்பியை வைத்துக்கொண்டு யான் ஆராய்ந்ததில் நிகழ்ந்தது இன்னதெனப் புலனாயிற்று. இவ்வகை இயந்திரங்களிற் சுழற்சியைத் தடுத்துநிற்பது, அதனினின்று இழுக்கப்படும் மின்சாரமே. பாரம் இழுக்குங்காறும் மாடு நிதானமாக நடக்கும். நுகத்தடி முறிந்தால் ஓட்டமெடுக்கும். என் மெல்லிய கம்பி உருகி அறுந்தவுடன் இயந்திரம் பாரமற்றுத் தறிகெட்டுச் சுழன்றது. வெயிலிற் பல்லாண்டு கிடந்து உரமிழந்த இதழ் அவ்வேகத்தைத் தாங்கவில்லை. இயந்திரத்தின் பழுது பாதி. என் பழுது பாதி. மின்சாரம் ஒன்றே அதற்குத் தடையாக இருந்தது. அத்தடையை யான் ஒரு கம்பியின் இழையில் தொங்கவிட்டேன்.

அந்த 400 வாட் என்பதும் ஆராயத் தக்கது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். மும்மடங்கானால் இருபத்தேழு மடங்கு. விற்போர் தம் இயந்திரத்தின் மேற் பொறிக்கும் எண் பெரும்பாலும் வினாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர் வேகத்திற்கு உரியது. அஃதாவது மணிக்கு 45 கிலோமீட்டர். பாயைச் சுருக்கும் காற்று. நம் கரையிற் பிற்பகலில் எழும் இனிய கடற்காற்று ஐந்து மீட்டரளவே இருப்பின், அந்த 400 வாட்டிற் பதினாறில் ஒரு பங்கு, ஏறத்தாழ 25 வாட் கிடைக்கும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு அஃது இரண்டு ஆம்பியர். புயலில் இருபது மீட்டராயின், அவ்வைந்து மீட்டர்க் காற்றினும் அறுபத்துநான்கு மடங்கு ஆற்றல் அவ்விதழ்கள்மேல் மோதும். ஆக, ஆண்டு முழுதும் இரண்டு ஆம்பியருக்காக நாம் வாங்கும் பொருள், ஆண்டில் ஓரிரவு அறுபத்துநான்கு மடங்கு அடியைத் தாங்கவேண்டும். இதனை அறியாதார் வாட்டைப் பார்த்து வாங்குவர். யானும் அவ்வாறே வாங்கினேன்.

காற்றாடி மின்சாரம் கப்பலுக்குப் புதிதன்று. நார்வே நாட்டு நான்சென் 1893ஆம் ஆண்டில் வடதுருவக் கடலுக்குச் செலுத்திய ‘பிராம்’ என்னும் கப்பலின் மேல்தளத்திற் காற்றாடி ஒன்று நிறுவப்பட்டிருந்தது. மாதக்கணக்காகச் சூரியனைக் காணாத அவ்விருளில், பனிக்கட்டிகளிடையே சிறைப்பட்டிருந்த மாலுமிகளுக்கு அதுவே மின்விளக்கு அளித்தது. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டில் முதன்முதலாகக் காற்றாலைப் பண்ணைகள் அமைந்த இடங்களுள் நம் தூத்துக்குடியும் ஒன்று. இன்று மீஞ்சூர்ச் சாலையில், தெருவினும் நீண்ட காற்றாலை இதழ்கள் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்வதைக் காண்கிறோம். அவ்வளவு பெரிய இதழைக் கடல் கடந்து அனுப்பும் ஊரில், ஒரு முழ நீள இதழுடைய படகுக் காற்றாடியை யாம் கடை கடையாய்த் தேடியும் கண்டிலேம், அயல்நாட்டினின்றே வருவிக்கவேண்டியதாயிற்று.

வருவிப்பதற்கு முன் மூவகை இயந்திரங்களை ஒப்புநோக்கினோம். ஒன்று, இங்கிலாந்திற் செய்யப்படும் ரட்லண்ட் போன்றது: ஆறு இதழ், விட்டம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அடக்கமான சுழற்சி. மற்றொன்று, ஜெர்மனியரின் சூப்பர்விண்ட்: மூன்று இதழ், காற்று மிகுந்தால் இதழ்கள் தாமே திருகிக் காற்றை வழுவவிடும், மின்கம்பி அறுந்தாலும் அத்தடை வேலை செய்யும். மூன்றாவது, அமெரிக்காவின் ஏர் என்னும் வகை: மூன்று இதழ், தடையை அதனுள்ளிருக்கும் மின்னணுச் சாதனமே இயற்றும். என் அறிவு இரண்டாவதை நாடிற்று. எம் நிலைமைக்கு அதுவே நேரான மருந்தென்று இன்றும் கருதுகிறேன்.

மாமா அதன் விலையைக் கேட்டு, அந்த விலைக்குத் தம் படகையே வாங்கியதாகச் சொல்லிச் சிரித்தார். பின்னர் அவர் கேட்டவை வேறு கேள்விகள். ‘உப்பு உள்ளே புகுந்தால் யான் கழற்றித் துடைக்க முடியுமா? தாங்கும் பேரிங்கை மாற்ற எத்தனை சாவி வேண்டும்? அலுமினிய உடலில் எஃகு ஆணியை முடுக்கியிருக்கிறார்களே, உப்புநீரில் இரண்டும் பற்றிக்கொண்டால் எப்படிப் பிரிப்பது? மாற்று இதழ் ஒரு தொகுதி இன்றே கிடைக்குமா?’ எண்ணூர்க் காற்றில் உப்போடு சாம்பலும் நிலக்கரித் தூளும் கலந்திருப்பதை அறிந்தவர் அவர். எஞ்சின் அறையில் நள்ளிரவில் விழித்திருந்த பழக்கம் அக்கேள்விகளிற் பேசிற்று. இறுதியில் ஆறிதழுடைய சிறியதே முடிவாயிற்று. யான் விட்டுக்கொடுத்தேன், ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தேன்.

கம்பி என் கணக்கின்படி தடித்ததாக இருக்கவேண்டும் என்பது முதலாவது. பாட்டரி நிரம்பியபின் மிகுதி மின்சாரம் வெப்பச்சுருளொன்றிற் செல்லவேண்டும். இயந்திரம் ஒருபொழுதும் பாரமின்றிச் சுழலலாகாது என்பது இரண்டாவது. மூன்றாவது, அதன் கம்பிகளை ஒன்றோடொன்று இணைத்துச் சுழற்சியை அடக்கும் விசையொன்று, கம்பத்தின் அடியிலேயே, கப்பற்கூட்டுக் கம்பிகள் யாவும் எரிந்துபோயினும் தான் எரியாத இடத்தில் அமையவேண்டும் என்பது. அதற்குமேலும் கயிறொன்றைக் கட்டி, காற்றாடியின் வாலைப் பக்கவாட்டில் இழுத்துக் காற்றினின்று திருப்பவும் வகை செய்தோம். மின்சாரத்தை நம்பாத தடை அக்கயிறு. மாமாவுக்கு அதுவே மிகவும் பிடித்திருந்தது.

செலவையும் குறைத்தோம். சுக்கானைத் தானே பிடிக்கும் மின்கருவி நாளொன்றுக்கு எழுபது ஆம்பியர்-மணிக்குமேல் விழுங்குவதாயிருந்தது. ரேடியோ, விளக்கு, பிற கப்பல்களைக் காட்டும் கருவி ஆகியவை யாவும் சேர்ந்து அதிற் பாதிதான். எனவே அக்கருவியை அகற்றி, காற்றின் திசையறிந்து சுக்கானைத் திருப்பும் தகடொன்றைப் பொருத்தினோம். அதற்கு மின்சாரமே வேண்டா. நூறு வாட் சூரியப் பலகை இரண்டும் அறையின் கூரைமேல் ஏறின. உண்மையைச் சொல்லின், நம் நாட்டு வெயிலில் அப்பலகைகளே பெரும்பாலான நாளும் குடும்பத்தைக் காக்கும். ஆயினும் ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் முகில் கவிந்தால் பலகை உறங்கும். காற்றாடி அந்நாளில்தான் விழிக்கும்.

வழியைக் கருதியும் ஒரு கணக்கிட்டேன். தை மாதத்தில் வடகிழக்கினின்று வீசும் வாடை, அந்தமான் நோக்கிச் செல்லுங்கால் எம் இடப்பக்க முன்புறத்தில் மோதும். படகின் வேகமும் காற்றோடு கூடுமாதலின் காற்றாடி நன்கு உழைக்கும். மீளுங்கால் அதே காற்றுப் பின்புறமாக வரும். படகு அதனோடு ஓடுவதனால் இதழுக்கு எட்டுவது குறையும். பதினைந்து நாட் வேகமுள்ள காற்று நேர்பின்னின்று வர, யாம் ஐந்து நாட் வேகத்தில் ஓடினால் எஞ்சுவது பத்து. ஆற்றலோ மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. மீள்வழிக்குச் சூரியனே துணை என்று மாமாவின் குறிப்பேட்டில் எழுதினேன்.

சென்னைத் துறைமுகத்தினுள் 1911ஆம் ஆண்டு முதல் விளங்கும் ராயல் மெட்ராஸ் யாட்ச் கிளப்பின் பாய்ப்படகுகளைத் தொலைவிலிருந்து பார்த்து வளர்ந்த எனக்கு, இப்பொழுது கடலிற் பாயைக் கண்டால் முதலில் அதன் உச்சிவிளக்கைத் தேடும் பழக்கம் வந்துவிட்டது.

சென்ற வாரம், காசிமேட்டில் நங்கூரமிட்டிருந்த படகில் புதிய காற்றாடியை முதன்முறை ஓடவிட்டோம். அத்தையும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு இப்பயணத்தில் இன்றும் உடன்பாடில்லை. கம்பத்தடிக்குச் சென்று, சிவப்பு வண்ணம் பூசிய அவ்விசையைத் தாமே திருப்பினார்கள். இதழ்கள் தயங்கித் தயங்கி நின்றன. மீண்டும் திருப்பினார்கள்; சுழன்றன. இவ்வாறு ஐந்து முறை செய்து பார்த்துவிட்டு, ‘இருட்டில் கை எட்டுமா?’ என்று என்னைக் கேட்டார்கள். யான் கண்ணை மூடிக்கொண்டு சுக்கானடியினின்று கையை நீட்டினேன். ஓரங்குலம் எட்டவில்லை. மாமா மறுமொழி கூறாது, துளையிடும் கருவியை எடுத்து வரச் சென்றார்.