மலைக்காரர் சொல்லாத கதை

பேரூர் பட்டீசுவரர் திருக்கோயிலில் பிரதோஷ வழிபாடு நிறைவுற்றதும், தொன்னையில் பிரசாதத்தைப் பெற்றுக்கொண்டு நாங்கள் ஐந்தாறு முதியவர்கள் மண்டபத்து ஓரமாக அமர்வது நெடுநாளைய வழக்கம். எங்கள் நடுவே அமர்ந்து கதை சொல்லி வந்தவர் சென்ற ஐப்பசியில் சிவபதம் அடைந்துவிட்டார். நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். ஊரில் அவரை மலைக்காரர் என்றே அழைப்போம்.

அவர் ஏறாத மலை குறைவு. பருவதமலையின் கடப்பாறைப் படிகளில் கை வியர்த்து வழுக்கியதையும், சதுரகிரிக் காட்டாற்றில் திடீரென்று வெள்ளம் வந்தபோது ஒரு பகல் முழுவதும் பாறைமேல் அமர்ந்திருந்ததையும் அவர் விவரிக்கும்போது, தொன்னையிலிருந்த பொங்கல் ஆறிப்போவதும் எங்களுக்குத் தெரியாது. கதை நடுவில் நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். எங்களில் ஒருவர் "அப்புறம்?" என்று கேட்டால்தான் தொடர்வார்.

ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். அவருடைய கதைகளில் "நான்" என்ற சொல் அரிது. வெள்ளத்தில் கயிறு பிடித்த இளைஞன், படியில் கை கொடுத்த முகமறியா அடியார், சுக்குக்காப்பி விற்ற கிழவி என்று பிறரே கதைத் தலைவர்களாக இருப்பார்கள். அவர் வெறுமனே உடன் சென்றவரைப் போலத் தோன்றும்.

1998ஆம் ஆண்டு சித்ரா பௌர்ணமிக்கு என்னையும் வெள்ளியங்கிரிக்கு அழைத்துச் சென்றார். தென்கயிலாயம் என்று போற்றப்பெறும் அம்மலையில் அவர் தொடர்ந்து பதினோர் ஆண்டுகள் ஏறியிருந்தார். மகளின் பொருட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் இடைவிடாமல் ஏறித் தரிசிப்பதாக வேண்டுதல். அது பன்னிரண்டாவது ஆண்டு.

பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவில் ஏறத் தொடங்கினோம். முதல் மலையின் செங்குத்தான படிகளிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் பொறுமையாக அமர்த்தி அமர்த்தி அழைத்துச் சென்றார். கைதட்டிச் சுனையில் நீர் அருந்தினோம். ஐந்தாம் மலையில் மரங்கள் குறைந்து வெட்டவெளி வந்தது. குளிர்காற்று உடலைத் தள்ளியது. நிலவொளியில் தற்செயலாகப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். கீழே பெரும்பள்ளம்! அவ்வளவுதான், கால்கள் நடுங்கத் தொடங்கின. அப்படியே தரையில் அமர்ந்து, ஒரு பாறையைக் கட்டிக்கொண்டேன்.

என்னைக் கடந்து சிறுவர்கள் ஏறினார்கள். என்னைவிட மூத்தவர்கள் சிவநாமம் சொல்லியவாறே ஏறினார்கள். "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கிறேன்" என்றேன். என் கை பாறையை விடவில்லை என்பதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சிகரத்தின் பக்கம் திரும்பி, இரு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார்.

"சாமி எங்கீங்க போயிடப் போறாரு? இறங்கலாம் வாங்க, வாத்தியாரே."

இறங்கும்போது பள்ளம் என் கண்ணில் படாதவாறு அந்தப் பக்கமாகவே நடந்து வந்தார். சிகரத்து ஈசனுக்கென்று மடியில் கட்டிக்கொண்டு வந்த வில்வத்தைப் பூண்டிக் கோயில் சந்நிதியில் சமர்ப்பித்தார். வேண்டுதலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த பிரதோஷத்தன்று, மண்டபத்தில் எல்லோரும் ஆவலுடன் கேட்டார்கள். "என்னங்க பண்றது, அஞ்சாம் மலையில மேகம் இறங்கி வழியே தெரியாமப் போச்சு. ரெண்டு பேரும் திரும்பிட்டோம். இல்லீங்களா, வாத்தியாரே?" என்று என்னைப் பார்த்தார்.

அன்று வானத்தில் மேகம் இல்லை. நான் தலையசைத்தேன். கோயிலுக்குள் அமர்ந்து, நெற்றியில் திருநீறு துலங்கத் தலையசைத்தேன். எல்லாவற்றையும் விரித்துச் சொல்லுகிறவர் அந்த ஒரு பயணத்தை மட்டும் இரண்டே வரியில் முடித்துவிட்டார். பிறகு எவர் கேட்டாலும் அதே இரண்டு வரிதான்.

அவர் மறைந்த பின் துக்கம் விசாரிக்கச் சென்றபோது, அவருடைய இல்லத்தரசியார் பூசையறையைக் காட்டினார். மூலையில் மூங்கில் தடிகள் இரு கட்டுகளாகச் சாத்தப்பட்டிருந்தன. ஒரு கட்டில் பதினொன்று. மற்றொன்றில் பன்னிரண்டு. "நடுவுல ஒரு வருசம் தவறிப்போச்சுங்க. அதனால மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சாரு. முடிக்கறப்ப அறுபத்தேழு வயசு" என்றார். இரண்டு கட்டிலும் சேராமல் ஒரு தடி தனியாகச் சுவரோரம் நின்றது. அது எந்த ஆண்டினது என்று நான் கேட்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள்! அத்தனை முறையும் திரும்பி வந்து அந்த மண்டபத்தில் அமர்ந்து எனக்கும் கதை சொன்னார். எதற்காக ஏறுகிறார் என்று ஒருநாளும் வாய் திறக்கவில்லையே.

சென்ற பிரதோஷத்தன்று அபிஷேகம் முடிந்து வழக்கம்போல் அமர்ந்தோம். பேச்சு எழவில்லை. அவர் அமரும் தூணருகே இடம் காலியாக இருந்தது. பொங்கலைக் கீழே வைத்துவிட்டு, "அந்த வருஷம் மேகம் எதுவும் இறங்கலைங்க" என்று தொடங்கினேன். ஐந்தாம் மலை வரை சொன்னேன். பாறையைக் கட்டிக்கொண்டதையும் சொன்னேன். அதற்குமேல் குரல் எழவில்லை. பக்கத்திலிருந்தவர் தம்முடைய செம்பை என் பக்கம் நகர்த்தினார். ஒரு வாய் நீர் பருகினேன்.

"அப்புறம்?" என்றார் அவர்.